பர்மாக்காரங்களுக்கு டி.பி.எஸ் முடியுதுன்னா அடுத்து என்ன பண்ணணும்

அமெரிக்கால இருக்குற பர்மாக்காரங்களோட டி.பி.எஸ், அதாவது சொந்த நாட்டு நிலைமை மோசமா இருக்குறதால இங்க தங்கி வேலை பாக்க குடுக்குற தற்காலிக பாதுகாப்பு, அதை 2026 ஜனவரி 26 ஓட முடிக்கிறோம்னு 2025 நவம்பர்ல அமெரிக்க அரசாங்கம் அறிவிச்சுது, சுமார் 4,000 பேரோட வாழ்க்கை இது. 2021 பிப்ரவரி 1ல பர்மால ராணுவம் ஆட்சிய பிடிச்சதுக்கு அப்புறம் குடுத்தது. அங்க தேர்தல் நடக்கப்போகுது, அவசரநிலைய எடுத்துட்டாங்கன்னு அப்போ காரணம் சொன்னாங்க, ஆனா அதே அரசாங்கத்தோட வெளியுறவுத்துறை பர்மாவுக்கு போகவே போகாதீங்கன்னு நாலாம் லெவல், அதாவது உச்சபட்ச எச்சரிக்கை போட்டு வச்சிருந்துச்சு, இது எப்படி சரியாகும்? உங்க ஆபீஸ்லயோ அபார்ட்மெண்ட்லயோ பர்மா நண்பர் இருந்தா, இல்ல நீங்களே யாங்கூன்ல பிறந்த தமிழரா இருந்தா, இதை படிங்க.

முதல்ல தேதி. இதை எதிர்த்து கேஸ் போயிருக்கு, கோர்ட் உத்தரவால தேதி மாறலாம், வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பாம யு.எஸ்.சி.ஐ.எஸ் (அமெரிக்க குடியேற்றத்துறை) சைட்ல பர்மா பக்கத்தை அடிக்கடி பாருங்க. வெனிசுலாக்காரங்களோட டி.பி.எஸ்ஸ முடிக்கிறத கீழ்கோர்ட் நிறுத்தி வச்சுது, அந்த உத்தரவ சுப்ரீம் கோர்ட் 2025ல தூக்கிடுச்சு, அதனால ஸ்டே வந்தாலும் அதை நம்பி சும்மா உக்காராதீங்க.

டி.பி.எஸ் முடிஞ்சா அதுக்கு முன்னாடி இருந்த ஸ்டேட்டஸ்க்கு திரும்புவீங்க, அது காலாவதி ஆகாம இருந்தா மட்டும். ஸ்டூடண்ட் விசாவ ஒழுங்கா காப்பாத்திட்டு வந்தவங்களுக்கு பிரச்சனை கம்மி. மத்தவங்களுக்கு முக்கியமான வழி அசைலம், அதாவது அடைக்கலம் கேக்குறது, அதுக்கு ஃபார்ம் ஐ-589. நாட்டுக்குள்ள வந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும்னு விதி இருக்கு, நிறைய பேர் இதை கேட்டதுமே எனக்கு டைம் போயிடுச்சுன்னு விட்டுடறாங்க, விடாதீங்க. டி.பி.எஸ்ல இருந்த காலத்த விதிவிலக்கா காட்டலாம், ஆனா அது முடிஞ்சு நியாயமான காலத்துக்குள்ள போட்டாதான், அதனால மாசக்கணக்கா தள்ளிப்போடாம முடிஞ்சா இப்பவே போடுங்க. ஏற்கனவே இமிக்ரேஷன் கோர்ட்ல கேஸ் இருந்தா மனு அங்கதான் போகணும். 2025 டிசம்பர்ல அசைலம் முடிவுகளையே நிறுத்தி வச்சாங்க, முடிவு லேட் ஆனாலும் மனு போட்ட தேதிதான் உங்கள காப்பாத்தும். 2025 ஜூலைல வந்த சட்டத்துல இருந்து இதுக்கு ஃபீஸும் உண்டு, அதுவும் மனு நிலுவைல இருக்குற ஒவ்வொரு வருஷமும் தனியா கட்டணும், அதை தவற விடாதீங்க.

வேலை பெர்மிட்லயும் கவனம் வேணும். டி.பி.எஸ்ஸ வச்சு வாங்குன கார்டு (அதுல ஏ12 இல்ல சி19னு கோட் இருக்கும்) டி.பி.எஸ் முடிஞ்சா செல்லாது. அசைலம் மனு போட்டு 150 நாள் ஆனப்புறம்தான் புது கார்டுக்கு அப்ளை பண்ண முடியும், 180 நாள் ஆனாதான் தருவாங்க, இதுக்குள்ள சம்பளம் நின்னுடும். வாடகைக்கு இப்பவே எடுத்து வைங்க.

ஆதாரம் சேர்க்கறப்போ பயத்த பொதுவா எழுதாதீங்க. 2024 பிப்ரவரில கட்டாய ராணுவ சேவைச் சட்டத்த அமல்படுத்துனாங்க, ஆம்பளைங்க 18-35, பொம்பளைங்க 18-27. உங்க வயசு, ஊர், போராட்டத்துல நின்ன ஃபோட்டோ, ஃபேஸ்புக் போஸ்ட், வீட்டுக்கு வந்து மிரட்டுனது, எல்லாத்தையும் தேதியோட எழுதி வைங்க. பாஸ்போர்ட் புதுப்பிக்க அந்த நாட்டு தூதரகத்துக்கு போறதுக்கு முன்னாடி வக்கீல கேளுங்க, யாருக்கு பயந்து வந்தீங்களோ அவங்ககிட்டயே போய் நின்னீங்கன்னு கேஸ்ல கேப்பாங்க.

யாரையும் கேக்காம நாட்ட விட்டு கிளம்பாதீங்க. ஸ்டேட்டஸ் இல்லாம 180 நாளுக்கு மேல இருந்துட்டு வெளிய போனா 3 வருஷம், ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ இருந்துட்டு போனா 10 வருஷம் திரும்ப வர முடியாது. வீடு மாறினா 10 நாளுக்குள்ள ஏஆர்-11ங்கற விலாச மாற்ற ஃபார்ம யு.எஸ்.சி.ஐ.எஸ்க்கு போட்டு சொல்லணும், கோர்ட்ல கேஸ் இருந்தா கோர்ட்டுக்கும் தனியா சொல்லணும், நோட்டீஸ் பழைய விலாசத்துக்கு போய் கோர்ட் தேதிய தவற விட்டா, நீங்க இல்லாமலே வெளியேத்த உத்தரவு போட்டுடுவாங்க.

நோட்டரி, கன்சல்டண்ட்னு சொல்லி பணம் வாங்குறவங்க பக்கமே போகாதீங்க, லைசென்ஸ் உள்ள வக்கீல் இல்லன்னா அமெரிக்க அரசாங்கத்தோட நீதித்துறை (டி.ஓ.ஜே) அங்கீகரிச்ச பிரதிநிதி மட்டும்தான். இலவச வக்கீல் லிஸ்ட் இமிக்ரேஷன் கோர்ட் சைட்லயே இருக்கு. நண்பரா இருக்குறவங்க அந்த ஃபோன் கால நீங்களே பண்ணிக் குடுங்க, அப்பாயின்மெண்டுக்கு கார்ல கூட்டிட்டு போங்க, அவரோட நிலைமை உங்களுக்கு நேர்ல தெரியும்னா கையெழுத்து போட்டு லெட்டர் குடுங்க, அதையும் ஃபைல்ல வைக்கலாம்.