நூற்றுக்கு எண்பது பேருக்கு வலியா? ஆய்வைத் திறந்து பார்ப்பது எப்படி

"போருக்குப் போய்வந்தவர்களில் எண்பது சதவீதம் பேருக்குத் தீராத வலி, எழுபது சதவீதம் பேருக்கு பிடிஎஸ்டி (பயங்கரமான அனுபவத்துக்குப் பிறகு விடாமல் தொடரும் மனநலப் பாதிப்பு)" என்று ஒரு செய்தி கண்ணில் பட்டால் உடனே பகிர்ந்துவிடாதீர்கள். எண் பொய்யாக இருக்காது, ஆனால் யாரை எண்ணினார்கள் என்பது அதில் இருக்காது. அதனால் ஆய்வுக் கட்டுரையைத் திறந்ததும் முடிவுரைக்கு ஓடாமல், ஆட்களை எங்கிருந்து எடுத்தார்கள் என்ற பகுதிக்குப் போங்கள்.

2009-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் இராக், ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய 340 பேரின் மருத்துவக் குறிப்புகளைப் புரட்டினார்கள். நாள்பட்ட வலி 81.5 சதவீதம், பிடிஎஸ்டி 68.2, மூன்றாவதாகத் தலையில் அடிபட்டபின் விடாமல் தொடரும் தொந்தரவுகள், மூன்றும் சேர்ந்தே இருந்தவர்கள் 42.1 சதவீதம். சரி, யார் இந்த 340 பேர்? பல காயங்களுக்குச் சேர்த்துச் சிகிச்சை தரும் மையத்துக்கு வந்தவர்கள். எலும்பு முறிவு வார்டில் நின்றுகொண்டு ஊரில் பாதிப் பேருக்குக் கால் உடைந்திருக்கிறது என்றால் எப்படி? இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருகின்றன என்பதற்கு அந்த ஆய்வு நல்ல சாட்சி, மொத்தப் படைக்கும் கணக்கு அல்ல.

அடுத்து, பிடிஎஸ்டி இருக்கிறது என்று எதை வைத்துச் சொன்னார்கள்? பல ஆய்வுகளில் பிசிஎல்-5 என்ற கேள்வித்தாள்தான். 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 80, 31-33ஐத் தொட்டால் இருக்கக்கூடும் என்று அர்த்தம். அதன் கடைசி இரண்டு கேள்விகள் கவனம் சிதறுவது பற்றியும் தூக்கம் பற்றியும். முதுகு வலி தாங்காமல் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்காருபவர் தூக்கத்துக்கு 4 போடுவார், குண்டு வெடிக்கும் கனவில் அலறி எழுந்தவரும் அதே 4 போடுவார், தாளுக்கு வித்தியாசம் தெரியாது! பயிற்சி பெற்றவர் நேரில் உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்திருந்தால் அந்த ஆய்வை நான் இன்னும் கொஞ்சம் நம்புவேன்.

மருந்து பற்றிய ஆய்வா? அப்படியானால் யாருக்குக் கொடுத்தார்கள், கொடுத்து என்ன ஆனது என்ற இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். வலி இருந்த 1,41,029 பேரின் பதிவுகளைப் பார்த்த 2012 ஆய்வில் முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது: மனநலப் பிரச்சினை இல்லாதவர்களில் 6.5 சதவீதம் பேருக்கு ஓபியாய்டு (அபின் வகையைச் சேர்ந்த வலி நிவாரணி) மாத்திரை, பிடிஎஸ்டி உள்ளவர்களில் 17.8. இரண்டாவது கேள்விக்கு 2018-ல் வெளிவந்த ஆய்வைப் பாருங்கள். முதுகு, இடுப்பு, முழங்கால் வலிக்காரர்கள் 240 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஓராண்டு கவனித்ததில், ஓபியாய்டு எடுத்தவர்களின் அன்றாட நடமாட்டம் மற்றவர்களைவிட மேம்படவில்லை, வலியும் ஓபியாய்டு இல்லாத மருந்துகளில்தான் கொஞ்சம் குறைவு.

இங்கேயும் ஆட்களைப் பாருங்கள். ஏற்கெனவே நெடுநாளாக ஓபியாய்டு சாப்பிட்டு வந்தவர்களை அதில் சேர்க்கவே இல்லை. ஆகவே வீட்டில் யாராவது அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இந்த ஆய்வைக் காட்டி மாத்திரையைத் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள், அது ஆபத்து. எப்படிப் படிப்படியாகக் குறைக்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள்.