விடுமுறைக்கு வருகிறவர்களுக்குக் கலைப் பட்டியல் போடுவது எப்படி?

மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்தால் போதும், ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். முன்பெல்லாம் இருபது இடங்களை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். ஒருவரும் படித்ததில்லை. இப்போது நாலே நாலுதான் சொல்கிறேன். முதல்முறை இப்படி ஒரு பட்டியல் போடுகிறவர்களுக்காக நான் செய்கிற முறையை எழுதுகிறேன்.

முதலில், வருகிறவர்கள் யார் என்று பாருங்கள். கைக்குழந்தை இருக்கிறதா, முழங்கால் வலி உள்ள பெரியம்மா வருகிறாரா? அதை வைத்தே பாதி முடிவாகிவிடும்.

அடுத்து, இடத்தின் பெயரோடு நிறுத்தாமல் அங்கே தேட வேண்டிய ஒரு பொருளையும் சொல்லுங்கள். "ராமலிங்க விலாசத்துக்குப் போங்க" என்றால் பழைய அரண்மனைதானே என்று விட்டுவிடுவார்கள். ராமநாதபுரத்தில் இருக்கும், சேதுபதி மன்னர்களின் அந்த மாளிகையில் சுவர், கூரை எல்லாம் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வரைந்த ஓவியங்கள். நான் சொல்லி அனுப்புவது இப்படி: "தொப்பி போட்ட ஐரோப்பியர்கள் சேதுபதியைச் சந்திக்கிற காட்சியைத் தேடுங்க. அப்புறம் தஞ்சை மராத்தியரோடு நடந்த போர். ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கிற இடத்தையும் விட்டுடாதீங்க." பிள்ளைகள் புதையல் தேடுவதுபோல் தேடுவார்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், வண்ணம் ஏற்கெனவே மங்கியிருக்கிறது. அரசு விடுமுறையில் பூட்டியிருக்கலாம், முன்னதாக விசாரித்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது படிதான் எனக்கு மிகவும் பிடித்தது: இரண்டு இடங்களை ஜோடி சேர்ப்பது. விடியற்காலையில் ராமேசுவரம் கோயிலின் வெளிப் பிரகாரம். 1,212 தூண்கள் வரிசையாகப் போகும், கூட்டம் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும். அதே நாள் பிற்பகல் கீழக்கரையின் பழைய கல் பள்ளிவாசல். கோயில் மண்டபத்தைப் போன்ற கல் தூண்கள்தான், ஆனால் மனித உருவமோ விலங்கோ இருக்காது. பூவும் கொடியும் மட்டும். இந்தக் கடற்கரையின் சிற்பக் கலையைப் புரியவைக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. தொழுகை நேரம் தவிர்த்து, அங்கிருப்பவர்களிடம் அனுமதி கேட்டு உள்ளே போகச் சொல்லுங்கள்.

நான்காவது, இரவுக்கு ஏதாவது. கமல்ஹாசன் 1954-இல் பரமக்குடியில் பிறந்தவர், நம் மாவட்டத்துக்காரர். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கமல் படம் சொல்ல வேண்டும், ஏன் பிடிக்கும் என்றும் சொல்ல வேண்டும். அதிகம் கை தூக்கிய படத்தைப் போடுவோம். சங்கீதம் கேட்கிறவர் இருந்தால் ராம்நாட் கிருஷ்ணன் (1918–1973) பாட்டு வைப்பேன். அவசரமே இல்லாத பாட்டு, மொட்டைமாடிக் காற்றுக்குப் பொருந்தும்.

கடைசியாக, அனுப்பும் விதம். நீளமாக எழுதாமல் இடத்துக்கு ஒரு நிமிடக் குரல் பதிவாக, முந்தின நாள் இரவு அனுப்புங்கள். போன முறை தங்கை மகள் அந்தத் தொப்பிக்காரர்களைக் கண்டுபிடித்துவிட்டு அங்கிருந்தே எனக்குப் போன் பண்ணினாள்: "மாமா, மொத்தம் எத்தனை பேர்னு எண்ணிட்டேன், நீங்க எண்ணியிருக்கீங்களா?"

நான் எண்ணியதில்லை. அடுத்த வாரமே போய் எண்ணினேன்.