மழையில் ஓடும் சைக்கிளின் உள்கியர் ஹப்: எண்ணெயிடும் முறை

கியர் மாற்றும் பற்சக்கரங்கள் அனைத்தையும் பின்சக்கரத்தின் நடுவிலுள்ள தன் உருளைக்குள்ளேயே அடக்கிக்கொண்ட உள்கியர் ஹப், சேறும் தண்ணீரும் நேரடியாகப் படும் வெளிக்கியர்களை விட மழைக்கு நன்றாகவே ஈடுகொடுக்கும்; ஆனால் அதற்குள் தண்ணீர் புகவே புகாது என்று நம்பிவிடக் கூடாது. வெயிலில் சூடேறிய ஹப்பின் மேல் மழை கொட்டும்போது உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, அச்சின் இருபுறமும் உள்ள காப்பு வளையங்களின் இடுக்கு வழியாக வெளியிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இந்த இடுக்குகளை முழுமையாக அடைக்க வழியில்லை. எனவே, உள்ளே போன ஈரம் துருவாக மாறுவதற்கு முன் எண்ணெயைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதுதான் பராமரிப்பு.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு ஹப்பை மழைக்காலம் முடிந்ததும் நான் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே இருந்த எண்ணெய் தண்ணீரோடு கலந்து வெளுத்த குழம்பாகியிருந்தது; அதைத் துடைத்ததும் பால்ரஸ் ஓடும் பாதையில் செம்புள்ளிகள் தெரிந்தன. வெளியே ஒரு சத்தமும் இல்லை. சத்தம் வரட்டும் என்று காத்திருப்பது தவறு என்பது அன்று புரிந்தது.

எங்கே எண்ணெய், எங்கே கிரீஸ் என்பதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். அச்சின் இரு முனைகளிலும் உள்ள பால்ரஸ்களுக்குத் தண்ணீரைத் தாங்கும் கெட்டியான கிரீஸ் தேவை. அது ஈரத்துக்குத் தடுப்பாகவும் நிற்கும். உள்ளே மெல்லிய ஸ்பிரிங்கால் தள்ளப்பட்டு நின்று, மிதிக்கும் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் சிறு கொக்கிகளுக்கோ கெட்டியான கிரீஸ் ஆகவே ஆகாது. அது பிடித்துக்கொண்டால் கொக்கி எழும்பாமல் போய், அழுத்தி மிதிக்கும்போது பெடல் திடீரென வெறுமனே சுற்றும். அந்த இடங்களுக்கு எண்ணெயோ இளகிய கிரீஸோ போதும். துரு விடுவிக்கும் ஸ்பிரேயை ஹப்புக்குள் அடிப்பது இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும்.

இனி வகைக்கேற்ற முறைகள். 1936-இல் வந்த ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏடபிள்யூ மூன்று கியர் ஹப்பின் பழைய உருப்படிகளில் எண்ணெய் ஊற்றச் சிறு மூடியுள்ள துளை இருக்கும். எஸ்ஏஇ 20 அல்லது 30 (எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) மோட்டார் எண்ணெயை மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து சொட்டு விட்டால், பழைய எண்ணெய் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு மெல்லக் கசிந்து வெளியேறிவிடும். காய்ந்து பிசினாகும் தாவர எண்ணெய் வேண்டாம்.

துளையில்லாத ஷிமானோ நெக்சஸ், எட்டு கியர் அல்ஃபைன் ஆகியவற்றை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதிகம் ஓட்டுபவர்கள் 5000 கி.மீ.க்கு ஒருமுறை, திறந்து பார்க்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. தொடர்ந்து மழையில் ஓட்டுபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை திறப்பதே நல்லது என்பது என் கருத்து. இடப்பக்க நட்டையும் கோனையும் (பால்ரஸ்களை அழுத்திப் பிடிக்கும் கூம்பு வடிவத் திருகு) கழற்றி, உள்ளமைப்பை வலப்பக்கமாக உருவி, அதற்கென விற்கும் எண்ணெயில் இடப்பக்கம் கீழாக 90 நொடி அமிழ்த்தி, 60 நொடி வடியவிட்டு, பால்ரஸ்களுக்குப் புதிய கிரீஸ் பூசி மீண்டும் பொருத்தலாம். எண்ணெயிலேயே ஓடும் பதினொரு கியர் அல்ஃபைனுக்கு முதல் 1000 கி.மீ.யிலும், பதினான்கு கியர் ரோலாஃபுக்கு 5000 கி.மீ.க்கு அல்லது ஆண்டுக்கு ஒருமுறையும் எண்ணெய் மாற்ற வேண்டும்.

ஹப்பிலேயே பிரேக் இருந்தால் அளவு மீற வேண்டாம்: டிரம் பிரேக்கில் எண்ணெய் கசிந்தால் பிடிப்பு போய்விடும். பின்னோக்கி மிதித்து நிறுத்தும் பிரேக்கின் கட்டைகளுக்குச் சூடு தாங்கும் தனி கிரீஸ் உண்டு.

கியர் சரியாக விழவில்லை என்றால் ஹப்பைக் குறை சொல்வதற்கு முன் கியர் கேபிளைப் பாருங்கள். மழையில் முதலில் துருப்பிடிப்பது அதுதான். புதிய கேபிள் போட்டபின் நெக்சஸ் ஏழு, எட்டு கியர் ஹப்களை நான்காம் கியரில் வைத்து, ஹப்பில் கேபிள் இணையும் இடத்திலுள்ள இரு குறிக்கோடுகளும் நேராக வருமாறு கேபிளின் திருகைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். சக்கரத்தைத் திரும்பப் பூட்டும்போது, அச்சு சுழலாமல் தடுக்கும் வாஷர்கள் இரண்டும் பழைய பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு நட்டை இறுக்குங்கள்.