பாங்கர் கோட்டையை ஆராயப் போகிறீர்களா?

ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்தில் உள்ள, பேய் உலவுவதாகப் பேசப்படும் பாங்கர் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சூரியன் மறைந்த பிறகு விடியும் வரை உள்ளே போகத் தடை. வாசலில் பலகையே உண்டு. காவலாளியிடம் பேசிச் சரிக்கட்டலாம் என்று நினைக்காதீர்கள். அவர் வேலைக்கும் ஆபத்து, உங்கள் மேல் வழக்கும் வரலாம். பக்கத்திலேயே சரிஸ்கா புலிகள் காப்பகம் என்பதால், இருட்டில் பேயைவிட விலங்குதான் நிஜமான பயம்.

படப்பிடிப்புக்கு உரிமம் வேண்டும். பயணத்துக்கு வெகு முன்பே துறைக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். எத்தனை பேர், என்னென்ன கருவிகள், எந்த நாள், எந்தப் பகுதி, எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதுங்கள். கேமரா முக்காலியையும் விளக்கையும்கூடப் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள். சுவரில் எதையும் ஒட்டமாட்டோம், ஆணி அடிக்கமாட்டோம் என்ற உறுதியும் சேரட்டும். அப்புறம், கையெழுத்தான அனுமதிக் கடிதம் வந்த பிறகே ரயில் டிக்கெட் எடுங்கள்.