கயித்துல ஒரு முடிச்சு, மூணு கலர் சாக்பீஸ்: கிளாஸ்ல நாட் தியரி தொடங்கறது எப்படி

கணக்கு டீச்சர்ஸ் எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளா நாட் தியரி, அதாவது முடிச்சுகளோட கணிதம் படிச்சிட்டிருக்கேன். படிக்கப் படிக்க இத ஏன் ஸ்கூல்ல யாரும் சொல்லித் தர்றதில்லன்னு ஆதங்கமா இருக்கு. "என்னால அவுக்க முடியல" வேற, "யாராலயும் அவுக்கவே முடியாது" வேற, ரெண்டாவத சொல்லணும்னா நிரூபிக்கணும். இந்த ஒரு விஷயத்த ஏழாம் கிளாஸ் பசங்களுக்கு கையில கொடுத்தே புரிய வச்சிடலாம், ஃபார்முலா எதுவும் வேண்டாம்.

தேவையானது: பாவாடை நாடா இல்லன்னா ஷூ லேஸ், ஒரு பிள்ளைக்கு ஒரு மீட்டர் இருந்தா நல்லது, கொஞ்சம் செல்லோ டேப், மூணு கலர் பென்சில்.

ஸ்டெப் 1: முதல்ல சாதாரணமா ஒரே ஒரு முடிச்சு போடச் சொல்லுங்க, இறுக்க வேண்டாம், லூஸா இருக்கட்டும், அப்புறம் ரெண்டு முனையையும் சேத்து டேப் ஒட்டிடுங்க. முனைய ஒட்டறது ரொம்ப முக்கியம், ஏன்னா முனை சும்மா இருந்தா எந்த முடிச்சையும் உருவி எடுத்துடலாம், அதனால கணக்குல முடிச்சுன்னாலே முனை இல்லாத வளையம்தான். இப்ப மேஜைல பரப்பி நகத்தி நகத்தி பாத்தா கயிறு மூணே இடத்துல குறுக்க போற மாதிரி வரும். இதுக்கு பேரு ட்ரெஃபாயில். இன்னொரு நாடாவ முடிச்சே போடாம வளையமா ஒட்டி நல்லா முறுக்கி சிக்கலாக்கி வைங்க, பாக்க அதுவும் முடிச்சு மாதிரியே இருக்கும். ரெண்டையும் கொடுத்து, டேப்ப பிரிக்காம அவுக்கச் சொல்லுங்க. ஒண்ணு அவுந்துடும், இன்னொண்ணு அவுறாது. "அவுறவே அவுறாதுன்னு எப்படிடா சொல்ற?"ன்னு கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருங்க.

ஸ்டெப் 2: நோட்டுல வரையணும். கயிறு ஒண்ணுக்கொண்ணு குறுக்க போற இடம் கிராஸிங், அங்க கீழ போற கயித்த சின்னதா இடைவெளி விட்டு வரைங்க. ட்ரெஃபாயில வரைஞ்சா கோடு மூணு துண்டா இருக்கும், கிராஸிங்கும் மூணு.

ஸ்டெப் 3: கயித்த எப்படி நகத்தினாலும் படத்துல நடக்கறது மூணே விதமான மாற்றம்தான்னு 1920கள்லயே நிரூபிச்சாச்சு, ரைடமைஸ்டர்ங்கற கணித அறிஞர் பேர்ல ரைடமைஸ்டர் மூவ்ஸ்னு சொல்லுவாங்க. ஒண்ணு, ஒத்தக் கயித்துல ஒரு முறுக்கு போடறது, எடுக்கறது. ரெண்டு, ஒரு கயித்த இன்னொண்ணு மேல தள்றது, திரும்ப இழுக்கறது. மூணு, ஒரு கிராஸிங்குக்கு மேலயோ கீழயோ மூணாவது கயித்த இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் கொண்டுபோறது.

ஸ்டெப் 4: இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், அவசரப்படாதீங்க. ரால்ஃப் ஃபாக்ஸ்னு ஒரு அமெரிக்க கணித மேதை கொடுத்த கலர் விதி. ஒரு துண்டுக்கு ஒரு கலர். ஒவ்வொரு கிராஸிங்லயும் மூணு துண்டு சந்திக்கும், மேல போறது ஒண்ணு, கீழ அறுபட்டது ரெண்டு. அந்த மூணும் ஒரே கலரா இருக்கணும், இல்ல மூணும் வேற வேற கலரா இருக்கணும். மொத்தப் படத்துல குறைஞ்சது ரெண்டு கலராவது வரணும்.

ட்ரெஃபாயில்ல சிவப்பு, நீலம், பச்சைன்னு போட்டா அழகா பொருந்தும். வெறும் வளையத்துல ஒரே துண்டுதான், ஒரே கலர்தான், அதனால அது ஃபெயில். சரி, நகத்தும்போது இது மாறிடாதான்னு பசங்க கேக்கணும், கேக்கலன்னா நீங்க கேளுங்க. முதல் மூவ்ல மேல போற துண்டே சுத்தி வந்து கீழயும் போகுது, ஆக ரெண்டு இடத்துல ஒரே கலர், அப்ப மூணாவதும் அதேதான், முறுக்க எடுத்தாலும் பிரச்சனை இல்ல. ரெண்டாவது மூவ்ல சிவப்பு கயிறு நீலத்து மேல ஏறினா, நடுவுல மாட்டுற நீலத் துண்டு பச்சையாகும், வெளிய வந்ததும் மறுபடி நீலம். மூணாவது மூவ நீங்களே கலர் போட்டு பாருங்க, அஞ்சே கேஸ்தான், உக்காந்து போட்டா கண்டிப்பா வரும்.

அப்ப என்ன ஆச்சு? எத்தனை தடவ நகத்தினாலும் மூணு கலர் தகுதி போகாது, வெறும் வளையத்துக்கு அந்தத் தகுதியே கிடையாது, அதனால ட்ரெஃபாயில் என்னைக்கும் வெறும் வளையமா மாறாது. கோடி வருஷம் உக்காந்து அவுத்தாலும் முடியாதுன்னு ஏழாங்கிளாஸ் பிள்ளை நிரூபிச்சிடுச்சு!

ஸ்டெப் 5: அடுத்து 8 வடிவ முடிச்சு. முனைய கயித்துக்கு மேல போட்டு ஒரு வளையம் செஞ்சு, கயித்துக்கு பின்னாடி சுத்திக் கொண்டுவந்து, வளையத்துக்குள்ள மேலேர்ந்து விட்டு எடுத்து, முனைய ஒட்டிடுங்க. நாலு கிராஸிங், நாலு துண்டு. கலர் போட்டு பாத்தா நாலாவது துண்டுல கண்டிப்பா மாட்டிக்கும். உடனே ஒரு பிள்ளை "அப்ப இது அவுந்துடும்"னு சொல்லும், அங்கதான் நிறுத்தணும். கலர் பொருந்தினா முடிச்சு, பொருந்தலன்னா ஒண்ணும் சொல்ல முடியாது. இந்த 8 வடிவ முடிச்சும் அவுறாதுதான், ஆனா அத நிரூபிக்க கலருக்கு பதிலா 0லேர்ந்து 4 வரை நம்பர் போடணும்: கீழ போற ரெண்டோட கூட்டலும் மேல போறதோட ரெண்டு மடங்கும் 5ஆல வகுத்தா ஒரே மீதி வரணும். ஒன்பதாங்கிளாஸுக்கு இது நல்ல வேலை.

இதுக்கு எதிர்ப்பக்கமும் சொல்லுங்க. பத்து கிராஸிங் முடிச்சுகளோட பட்டியல்ல ரெண்ட வேற வேறன்னு பல பத்து வருஷமா போட்டு வச்சிருந்தாங்க, நியூயார்க்ல வக்கீலா இருந்த கென்னத் பெர்கோ ரெண்டும் ஒண்ணேதான்னு 1974ல காட்டினார், 166ன்னு இருந்தது 165 ஆச்சு.

ஸ்டெப் 6: கடைசியா சிக்குக் கோலம், வீட்டுலேர்ந்து ஒத்தக் கம்பில முடியற கோலமா கொண்டு வரச் சொல்லுங்க. எங்கயாவது தொடங்கி கம்பியோடயே போய், ஒவ்வொரு கிராஸிங்லயும் மேல, கீழ, மேல, கீழன்னு மாத்தி மாத்தி போட்டா சுத்தி வரும்போது எங்கயும் இடிக்காது, எந்தக் கோலமா இருந்தாலும் சரி. ஓரத்துல ஒத்தப் புள்ளிய சுத்தி காது மாதிரி நிக்கிற வளையம் வெறும் முறுக்குதான், முதல் மூவ்ல அதையெல்லாம் எடுத்துடுங்க. இப்படி ஒரே ஒரு கிராஸிங்ல மட்டும் மத்ததோட ஒட்டிட்டு இருக்கற பகுதி எதுவும் இல்லாம மிச்சம் நிக்கிற கிராஸிங்க எண்ணுங்க. அந்த முடிச்ச அதுக்கும் குறைஞ்ச கிராஸிங்ல யாராலயும் வரையவே முடியாது! பீட்டர் டெய்ட்னு ஒரு ஸ்காட்லாந்து விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டுலயே இது உண்மையா இருக்கும்னு நம்பினார், நிரூபணம் வந்தது 1987லதான், அதுவும் வான் ஜோன்ஸ்ங்கற கணித அறிஞர் 1984ல முடிச்சுகளுக்குன்னு புதுசா ஒரு பல்லுறுப்புக்கோவை கண்டுபிடிச்சதுக்கு அப்புறம்தான். அந்த நிரூபணம் நம்ம கிளாஸுக்கு பெருசு, ஆனா ரிசல்ட்ட சொல்லிட்டு கோலத்த எண்ண விடுங்க, மிச்சம் மூணு கிராஸிங் வர்ற கோலம் யாருது, ஏழு வர்றது யாருதுன்னு போர்டுல வரிசையா எழுதுங்க.