சைட்கார் மோட்டோகிராஸ்: இரண்டாவது ஆளின் வேலை

சைட்கார் மோட்டோகிராஸ் என்பது, பக்கத்தில் ஒரு சக்கரத்தோடு சைட்கார் இணைத்த பைக்கில் இருவர் மண் தடத்தில் ஓடும் பந்தயம். நெதர்லாந்தின் டேனியல் வில்லெம்சன் 1999-க்கும் 2012-க்கும் இடையில் பத்து முறை சைட்கார் மோட்டோகிராஸ் உலகச் சாம்பியன் ஆனவர். முதல் பட்டத்தை உடன்பிறந்த மார்செலோடு வென்றார். 2003-இல் டேனியலுடன் பட்டம் வென்றவர் லாட்வியாவின் காஸ்பர்ஸ் ஸ்டூபெலிஸ். அதே ஸ்டூபெலிஸ் 2015-இல் இன்னொரு டச்சு ஓட்டுநர் எத்தியன் பாக்ஸோடும் சாம்பியன் ஆனார். ஓட்டுநரின் பெயர்தான் பேசப்படுகிறது. ஆனால் பட்டத்தில் பாதி, சைட்காரில் நிற்பவருடையது. டச்சுக்காரர்கள் அவரைப் ‘பக்கெனிஸ்ட்’ என்பார்கள். அந்த இடத்தில் ஏற விரும்புகிறவர்களுக்கே இந்தக் குறிப்புகள்.

முதலில் ஒன்று புரிய வேண்டும். இந்த வண்டி சாதாரண பைக் போலச் சாயாது. வளைவில் சாய வேண்டியது உங்கள் உடல்தான். சைட்காரில் இருக்கை இல்லை. தாழ்வான ஒரு தளமும் பிடித்துக்கொள்ளக் கம்பிகளும்தான் உண்டு.

சைட்கார் வலப்பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வலது வளைவில் சைட்கார் சக்கரம் மேலே எழும்பப் பார்க்கும். இடுப்பைச் சக்கரத்துக்கு வெளியே இறக்கி, தரையை ஒட்டித் தொங்க வேண்டும். தோளை மட்டும் சாய்த்தால் போதாது, எடை அதிகமாக இருப்பது இடுப்பில். இடது வளைவில் இதற்கு நேர்மாறு: வண்டி சைட்கார் பக்கமாகக் கவிழப் பார்க்கும். ஓட்டுநருக்குப் பின்னால் ஏறி, பின்சக்கரத்துக்கு மேலாக இடப்பக்கம் உடலைப் போட வேண்டும். சைட்கார் இடப்பக்கம் இருந்தால் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் நேரத்தில். வளைவு தொடங்கிய பிறகு நகர்ந்தால் சக்கரம் ஏற்கெனவே எழும்பியிருக்கும், ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரைக் குறைக்க வேண்டிவரும், அந்த வளைவு போயிற்று. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போதே இடம் மாறத் தொடங்குங்கள்; வண்டி திரும்பும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

மாறும் வரிசை இது: புதிய இடத்தில் ஒரு கால், பிறகு ஒரு கை, அதன் பின் இடுப்பு, கடைசியில் மற்றக் கை. இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் கம்பியை விடவே கூடாது. முழங்கால் பின்சக்கரத்தில் உரசாமல் பாருங்கள். பாதம் தளத்துக்கு வெளியே தொங்கினால் தடத்துப் பள்ளத்தில் மாட்டி முறியும்.

நேர்ப்பாதையில் எடை பின்சக்கரத்தின் மேல் இருந்தால்தான் டயர் மண்ணைப் பிடிக்கும். முன்சக்கரம் தூக்கினால் சற்று முன்னே வாருங்கள். குதிப்பில் பின்னால் நின்று, முழங்காலை மடக்கி வையுங்கள். காலை விறைப்பாக வைத்தால் இறங்கும் அடி முழுவதும் முதுகில் ஏறும்.

ஓடாத வண்டியில் தொடங்குங்கள். ஸ்டாண்டில் நிறுத்தி, ஓட்டுநர் உட்கார்ந்திருக்க, வலம்–நடு–இடம் என்று 20 முறை மாறுங்கள். கை எங்கே போக வேண்டும் என்று கண் தேடாத அளவுக்கு வந்ததும் திறந்த மைதானத்துக்குப் போகலாம். குறைந்த கியரில் பெரிய வட்டம், ஒவ்வொரு திசையிலும் 10 சுற்று. பிறகு எட்டு வடிவம். தடத்துக்கு அதன் பிறகுதான்.

உலகச் சாம்பியன்ஷிப்பில் ஒரு நாளில் இரண்டு ஓட்டங்கள், ஒவ்வொன்றும் 30 நிமிடமும் கூடுதலாக 2 சுற்றும். இவ்வளவு நேரத்தில் முதலில் தளர்வது முன்கை. கம்பியை எப்போதும் இறுக்கிப் பிடித்தால் பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போகும். நேர்ப்பாதையில் பிடியைத் தளர்த்தி, எடையைக் கால்களில் விடுங்கள்.

லீரோப் போன்ற டச்சு ஆழ்மணல் தடங்களில் மேடுபள்ளம் சுற்றுக்குச் சுற்று ஆழமாகும். முந்தைய சுற்றில் சரியாக இருந்த இடம் இப்போது சரியாக இருக்காது. ஓட்டுநரின் முதுகைப் பார்க்காமல் தோளுக்கு மேலாகத் தடத்தைப் பாருங்கள். அவர் ஓட்டும் பாதையை மாற்றினால் முன்கூட்டியே தெரியும்.