ஈர மரத்தில் கடைந்த கிண்ணம் வெடிக்காமல் காய

மட்டக்களப்பில் வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில் ஈர மரத்தைக் கடைந்து வெளியே வைத்தால் ஒரு பகலிலேயே விளிம்பு வெடித்துவிடும். பலாவில் நான் கடைந்த முதல் மூன்று கிண்ணங்களும் அப்படித்தான் போயின.

மரத்துண்டைப் பிளக்கும்போது நடு மையத்தை வெட்டி எறியுங்கள். வெடிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

ஒரே நாளில் மெல்லியதாகக் கடைந்து முடிக்க வேண்டாம். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விடுங்கள்: 25 சென்ரிமீற்றர் கிண்ணத்துக்கு 2.5 சென்ரிமீற்றர், அடி முதல் விளிம்பு வரை ஒரே அளவாக. மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையம் நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே வட்டம் கோணி முட்டை வடிவாகும். அந்தக் கனம் இருந்தால்தான் பிறகு வட்டமாகக் கடையலாம்.

இனி மெழுகு. நான் தவறியது இங்கேதான். கிண்ணத்தை விறாந்தையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் எதிரெதிரே இரண்டு மயிரிழை வெடிப்புகள். இரண்டும் நார் வெட்டுப்பட்ட முனைகளில். நார்கள் குழாய் போன்றவை. பக்கவாட்டை விட அந்த முனைகளால் ஈரம் பல மடங்கு வேகமாக வெளியேறும். தடவிப் பார்த்தால் அந்த இரண்டு இடமும் சொரசொரப்பாக இருக்கும். கடைந்து இறக்கியவுடன் உள்ளும் புறமும் அங்கே மெழுகு பூசுங்கள். மற்ற இடங்களை விட்டுவிடுங்கள், ஈரம் அவற்றால் மெதுவாகப் போகட்டும்.

மெழுகுதிரித் துண்டுகளை ரின்னில் போட்டு, ரின்னைக் கொதிநீரில் வைத்து உருக்குங்கள். நேரே நெருப்பில் வைத்தால் பற்றிக்கொள்ளும். மெழுகுக்குப் பதிலாக மரம் ஒட்டும் பசை பூசுவோரும் உண்டு. ஈர மரத்தில் அது காயவே நேரமெடுக்கும். எனக்கு மெழுகுதான்.

அப்புறம் தாள்பையில் போட்டு, காற்றுப் படாத அறை மூலையில் வையுங்கள். பொலித்தீன் பை கூடாது. அடியில் பென்சிலால் நிறையை எழுதி, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுங்கள். மூன்று வாரம் நிறை மாறாவிட்டால் காய்ந்துவிட்டது. எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. பிறகு மீண்டும் கடைந்து, மண்தாள் தேய்த்து, எண்ணெய் பூசலாம்.

பிற்சேர்க்கை: மாரியில் செய்த ஒருவர் பூஞ்சணம் பிடித்ததென்றார். பையில் ஈரச் சீவலையும் நிரப்பியிருந்தார். மழைக்காலத்தில் சீவல் வேண்டாம். பை நமுத்தால் அன்றே புதுப் பைக்கு மாற்றுங்கள்.